ஏழு கைநாட்டு வைத்த கட்டுரை

மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி முடிகிற வரைக்கும் அத்தாயி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாளே தவிர வாய் திறக்கவில்லை. மடியில் மஞ்சள் பை. பைக்குள் பதினாலு பக்கக் கட்டுரை. கட்டுரையின் தலையில் சிவப்பு மையில் மூன்று வரி. ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய, அந்த மூன்று வரியும் அவளுக்குள் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவள் புருஷன் சின்னுசாமி நின்றிருந்தான். மிளகு பறித்துவிட்டு நேராக வந்தவன், தலையில் இலைத்தூள் அப்படியே இருந்தது.

"என்ன புள்ள, பாஸா?"

"எம்மூஞ்சியப் பாத்தா பாஸான மூஞ்சி மாதிரியா இருக்குது?"

"உம்மூஞ்சி கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அத வெச்சு என்னத்தச் சொல்றது?"

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்குப் பையில் இருந்து காகிதத்தை உருவி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அவன் எட்டாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். கூட்டிக் கூட்டிப் படித்தான். 'இது கட்டுரை அல்ல, புகார் மனு. கடைசிப் பக்கத்தை நீக்கவும். நூலை நூலோடு மட்டும் ஒப்பிட்டுப் பத்து நாளில் மீண்டும் எழுதி வரவும்.'

"சரி, எழுதிக் குடுத்துட்டுப் போவியா," என்றான் சின்னுசாமி.

அவ்வளவுதான். அங்கிருந்து ஊட்டுக்குப் போகிற ஒரு மைல் தூரமும் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டே வந்தான்.

அத்தாயிக்கு முப்பத்தெட்டு வயது. மலைமேல் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள், அவளுடையது குண்டூர் நாட்டில் ஒரு சின்ன ஊர். மலையில் இருக்கிற ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல் வேலை. நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பார் கூட்டுகிறவள். பத்தாவது முடித்ததும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு தானாகவே பன்னிரண்டாவது எழுதினாள். அதற்குப் பிறகு தபாலில் படிக்கிற பி.ஏ. தமிழ். மூன்று வருஷமாகச் சனி ஞாயிறு கீழே டவுனில் இருக்கிற படிப்பு மையத்துக்கு இறங்கி ஏறுகிறாள். எல்லாத் தாளும் தேறியாயிற்று. பாக்கி ஒரே ஒரு கட்டுரை. இரண்டு நாவல்களை எடுத்து, எதில் ஒன்றுபோல் இருக்கின்றன, எதில் வேறாக இருக்கின்றன என்று எழுத வேண்டும். இருபத்தைந்து மார்க்குக்குப் பத்து எடுத்தால் பட்டம்.

ஆனால் பட்டத்துக்காக மட்டும் அவள் அந்தக் கட்டுரையை எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய முதல் கல்யாணத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

முதலில் அவளைக் கட்டியவன் தேவனூர் நாட்டு அண்ணாமலை. குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், வேலையில் பிசகு இல்லாதவன். ஒரே ஒரு குறை, பேச மாட்டான். உப்பு இல்லையென்றால் உப்பு டப்பாவைப் பார்ப்பான். காய்ச்சல் என்றால் போர்வையை இழுத்துக்கொள்வான். அத்தாயியோ காலையில் கண் விழித்தால் கோழியோடாவது பேச வேண்டும் என்கிறவள். நாலு வருஷம் பார்த்தாள். பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் கோகிலா என்று பேர் வைத்தபோதும் அவன் தலையைத்தான் ஆட்டினான். குழந்தைக்கு மூன்று வயதானபோது அத்தாயி ஊரைக் கூட்டச் சொன்னாள்.

அந்த ஊர் வழக்கம் அது. ஒருத்தி வாழ முடியாது என்றால் இரண்டு பக்கத்துச் சனமும் வந்து உட்காரும். ஊர்க்கவுண்டர் நடுவில் இருப்பார். அவள் எல்லார் எதிரிலும் நின்று காரணத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

அத்தாயி நின்றாள். "இந்த ஆளு எம்மூஞ்சியப் பாத்துப் பேசி ஒண்ணரை வருசமாச்சுங்க. குத்துக்கல்லோட குடித்தனம் பண்ண என்னால ஆவாது."

ஊர்க்கவுண்டர் அண்ணாமலையைப் பார்த்தார். "ஏம்ப்பா, அது சொல்றது நெசமா?"

அண்ணாமலை தரையைப் பார்த்தான்.

"இந்தக் கேள்விக்காவது பேசுப்பா!"

அதற்கும் பேசவில்லை. கூட்டமே சிரித்துவிட்டது. ஊர்க்கவுண்டர் உறவு அறுந்ததற்கு அடையாளமாக ஒரு சாமை வைக்கோலை எடுத்து இரண்டாகக் கிள்ளி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போட்டார். கொடுத்தது வாங்கியது எல்லாம் அங்கேயே தீர்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பேச்சை முடித்தார்கள். சாட்சி சொல்லாமல் அங்கே எந்தப் பேச்சும் முடியாது. இப்போதெல்லாம் நோட்டில் எழுதிக் கைநாட்டும் வாங்குகிறார்கள். அத்தாயி உச்சி வெயிலில், ஊர் பார்க்க, தகப்பன் ஊட்டுக்கு நடந்தாள். இரண்டு வருஷம் கழித்துத்தான் சின்னுசாமி வந்து பெண் கேட்டான்.

வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பிள்ளை தகப்பன் குலத்துக்கு. கோகிலா தேவனூர் நாட்டிலேயே அப்பத்தா பொன்னம்மாளிடம் வளர்ந்தாள். ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலில் பார்ப்பதுதான். வளையல் வாங்கிப் போடுவாள், முறுக்கு வாங்கிக் கொடுப்பாள், பஸ் ஏற்றிவிட்டு நிற்பாள். தன்னைப் போக விட்ட அதே வழக்கம் தன் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டதே என்று அத்தாயிக்கு அந்த வழக்கத்தின் மேலும் தீராத கோபம். அதை யாரிடம் காட்டுவது? சாம்பார் அண்டாவிடம் காட்டினாள்.

கோகிலாவுக்கு இப்போது பத்தொன்பது. கீழே ஒரு காலேஜில் இரண்டாம் வருஷம். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கையில் போன் வந்த பிறகு தாயும் மகளும் வாரம் ஒரு தரம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். போன தை மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து அத்தாயி அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"எங்க கிளாஸ்ல ஒரு நாவல் நடத்துறாங்க. நம்ம மலையப் பத்தி. அதுல ஒரு பொம்பள புருசன உட்டுட்டு ராத்திரியில ஓடிப் போறா."

"ம்."

"ஒருத்தி எந்திரிச்சு, ஏய் கோகிலா, உங்கம்மாவுக்கும் ரெண்டாங் கல்யாணந்தானே, இப்படித்தான் ஓடுனாங்களான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும் சிரிச்சாங்க."

"நீ என்ன கண்ணு சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது? எனக்கு என்ன தெரியும்? அப்பா பேசவே மாட்டாரு. அப்பத்தா உம் பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிரும். நீ என்னைக்காச்சும் சொன்னயா? உன்னய நெனச்சா அசிங்கமா இருக்குது. இனிமே போன் பண்ணாத."

வைத்துவிட்டாள். அத்தாயி திரும்பக் கூப்பிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

படிப்பு மையத்தில் ஐந்து ஜோடிப் புத்தகங்களின் பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் மூன்றாவது ஜோடியில் கோகிலா சொன்ன நாவல் இருந்தது. அதன் கூட்டாளியும் இந்த மலையைப் பற்றிய கதைதான். கூடப் படித்த முப்பத்தாறு பேரும் அந்த மூன்றாவது ஜோடியையே எடுத்தார்கள், ஏனென்றால் அதற்குக் கைடில் விடை தயாராக இருந்தது. அத்தாயியும் எடுத்தாள். கைடு வாங்கவில்லை. இரண்டு புத்தகத்தையும் வாங்கினாள்.

ஒன்று பச்சை அட்டை. நாற்பது வருஷத்துக்கு முந்தியது. இன்னொன்று சிவப்பு அட்டை, பத்து வருஷத்துக்குள் வந்தது. இரண்டையும் எழுதியவர்கள் மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கிற பெரிய மனுஷர்கள். பேர் எதற்கு, அட்டை போதும்.

பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, அடுப்பில் தணல் மிச்சம் இருக்கிற நேரம்தான் அவளுக்குப் படிக்கிற நேரம். அத்தாயிக்குச் சாமையில் கல் பொறுக்கித்தான் பழக்கம். அப்படியே படித்தாள். ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டு போவாள், கல் தட்டுப்பட்டால் அடுப்புக் கரியால் ஓரத்தில் ஒரு கோடு. பச்சைப் புத்தகத்தில் அறுபத்துச் சில்லறைக் கோடு விழுந்தது. சிவப்பில் அதற்கும் மேலே.

இரண்டு கதையும் ஒரே கதை. மலைக்காரி ஒருத்தி, வன இலாகா ஆள் ஒருத்தன். சித்திரை மாதத்து நிலவில், சாமை அறுத்துப் போட்ட களத்தில் இருந்து அவள் எழுந்து, தாலியைக் கழற்றி அருவியில் வீசிவிட்டு, அவனோடு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகிறாள். பச்சைப் புத்தகக்காரர் அவளைக் காறித் துப்புகிறார். மலைச்சாதிக்குக் கட்டுப்பாடு ஏது என்று இரண்டு பக்கம் வருத்தப்படுகிறார். சிவப்புப் புத்தகக்காரர் அவளுக்கு மாலை போடுகிறார். கட்டுகளை அறுத்தெறிந்த சுதந்திரக் காற்று என்கிறார். ஆனால் ஓடுகிறது ஒரே ஓட்டம். ராத்திரியும் அதே ராத்திரி.

அத்தாயிக்குத் துப்பியதைவிட மாலைதான் அதிகமாக எரிந்தது.

"எவளாவது ஊரக் கூட்டாம ஓடிருக்காளா இங்க?" என்று தணலைக் கிளறிக்கொண்டே கத்தினாள். காய் நறுக்குகிற பெண் பயந்து திரும்பிப் பார்த்தாள். "சித்திரையில எவன் ஊட்டுல சாமை அறுக்கறாங்க? மழை பெஞ்சு, உழுது, அதுக்கு மேலதான வெதைக்கவே ஆரம்பிக்கறோம்! அறுக்கப் பொரட்டாசி ஆவாது?"

கட்டுரை எழுதுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முன்னுரை, ஒற்றுமை, வேற்றுமை, முடிவுரை, கடைசியில் மேற்கோள். மேற்கோள் என்றால், நீ சொன்னது மெய் என்று எதைக் காட்டுகிறாய் என்பதுதானே? அத்தாயிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பள்ளி ஆபீஸில் மைப்பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். தன் முதல் கல்யாணத்தைத் தீர்த்துவிட்ட கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் போனாள். அன்றைய ஊர்க்கவுண்டர், இப்போது கண் மங்கிப்போனவர், முதல் கைநாட்டு வைத்தார். அவர் தங்கச்சி இரண்டாவது வைத்தாள்.

மூன்றாவதற்கு அவள் பதினாறு வருஷமாக மிதிக்காத வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

பொன்னம்மாள் வாசலில் மிளகைப் பாயில் பரப்பித் துழாவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள். "வழி தெரிஞ்சுதா?"

"வழி தெரியும். வர்றதுக்கு மூஞ்சிதான் இல்ல."

"இப்ப மொளச்சிருச்சாக்கும்."

"உங்க பேத்தி என்னைய ஓடுகாலிங்கறா அத்தை."

துழாவிய கை நின்றது. "எவ சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. புத்தகம் சொல்லுது."

"புத்தகமா? அன்னைக்கு அது கூட்டத்துக்கு வந்துதா? எங்க உக்காந்திருந்துச்சு? நான் கெழக்கால உக்காந்திருந்தேன். எம்பக்கத்துல எதும் இல்லையே!" பொன்னம்மாளின் குரல் ஏறியது. "உம்மேல எனக்குக் கோவம் இன்னும் தீரல அத்தாயி. செத்தாலும் தீராது. எம்மவன் ஊமையா? அவம்பாட்டுக்கு இருக்கறவன். நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஆனா நீ ஓடல. சொல்லிட்டுப் போன. வெயிலு நேரா மண்டையில அடிச்சுது. எனக்கு நாக்கு வறண்டு போச்சு. நீதான் போறப்ப ஒரு செம்பு தண்ணி மோந்து குடுத்துட்டுப் போன. எழுது அத. தண்ணி குடுத்துட்டுப் போனான்னு எழுது."

பொன்னம்மாள் விரலை மையில் தோய்த்தாள். கட்டைவிரல் காகிதத்தில் நிற்கவில்லை. உள்ளே மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்த அண்ணாமலை எழுந்து வந்தான். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து விரலைக் காகிதத்தின் மேல் வைத்து அழுத்தினான். அப்போதும் பேசவில்லை. அத்தாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு மைப்பெட்டியை மூடினாள்.

இப்படி ஏழு பேர். ஏழு பேரையும், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தையும், அவர்கள் சொன்னதையும் எழுதி, எதிரே கைநாட்டு வாங்கி, அதைத்தான் கட்டுரையின் கடைசிப் பக்கமாக வைத்தாள்.

படிப்பு மையத்து ஆசிரியர் வெங்கடாசலம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. முப்பத்தாறு கட்டுரை ஒரே மாதிரி படித்துச் சலித்தவர்.

"என்னம்மா இது, கிரயப் பத்திரமா?"

"மேற்கோளுங்க சார்."

"மேற்கோள்னா புத்தகம்மா. ஆள் இல்ல."

"புத்தகம் பொய் சொல்லுதுங்க. பொய்யவே சாட்சிக்குக் கூப்புட முடியுங்களா?"

முன்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெங்கடாசலத்துக்குச் சிரிப்பு போய்விட்டது. "நாவல்ங்கறது கற்பனை. அத நெஜத்தோட ஒப்பிட்டு அங்க தப்பு, இங்க தப்புன்னு சொல்லக் கூடாது. உங்க ஊர்ல சாமை எப்ப அறுப்பாங்கங்கறது இலக்கியத்துக்குத் தேவையில்லாத விஷயம். புத்தகத்தையும் புத்தகத்தையும் வைங்க. ஒண்ணுல பெண் இழிவாக் காட்டப்படறா, இன்னொண்ணுல உயர்வாக் காட்டப்படறா. இதானே வேற்றுமை? எவ்வளவு எளிமையா இருக்கு!"

"கற்பனைன்னா எம்பட மவளப் பாத்து ஏனுங்க சிரிக்கறாங்க?"

அவர் கட்டுரையை இழுத்து முன்னால் வைத்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அந்த மூன்று வரியோடுதான் அவள் மலை ஏறியது.

ஊட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. சின்னுசாமி களி கிண்டி வைத்திருந்தான். சாப்பிடவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன், கத்தாத," என்றான் அவன். "கைடப் பாத்து எழுதிக் குடு. பட்டம் வாங்கு. அப்புறம் எங்க வேணும்னாலும் நின்னு கத்து. நானும் கூட நின்னு கத்தறேன்."

"எங்கையால எழுதச் சொல்றயா? அவ ஓடுனா, அது உயர்வுன்னு எங்கையால?"

"வெறுங் காயிதந்தான புள்ள."

"அந்தக் காயிதம்தான் எம்புள்ளய எங்கிட்ட இருந்து பிரிச்சுது! ஊருகூடப் பிரிக்கல. ஊரு ஆடிக்கு ஆடி பாக்க உட்டுச்சு."

 சின்னுசாமி களியை மூடி வைத்தான்.

நாலு நாள் அவள் பேனாவைத் தொடவில்லை. பள்ளியில் பருப்பைத் தீய விட்டாள். ஐந்தாம் நாள் மதியம், அடுப்படியில் உட்கார்ந்து, கோபத்தில் ஆசிரியரின் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'நூலை நூலோடு மட்டும். நூலை நூலோடு மட்டும்.' சொல்லிக்கொண்டே பச்சையைத் திறந்து இடது பக்கம் வைத்தாள். சிவப்பைத் திறந்து வலது பக்கம் வைத்தாள். இரண்டிலும் அந்த ராத்திரி வருகிற பக்கம்.

மலையை மறந்துவிட்டுப் படித்தாள். தன்னை மறந்துவிட்டுப் படித்தாள். பச்சையில் ஒரு வரி, சிவப்பில் ஒரு வரி.

பச்சையில் சித்திரை, சிவப்பிலும் சித்திரை. பச்சையில் களத்தில் சாமைத் தாள் நிலவில் பொன்போல் கிடந்தது. சிவப்பிலும் பொன்போல்தான் கிடந்தது. பச்சையில் தூரத்தில் ஒரு நாய் மூன்று முறை குரைத்தது. சிவப்பிலும் நாய், அதுவும் மூன்று முறை.

அத்தாயி நிமிர்ந்தாள். "முப்பது வருசமா அதே நாயா உசுரோட இருக்குது?"

அதற்குமேல் அவள் கை நிற்கவில்லை. அறுபது கரிக்கோடு ஒரு பக்கம், எண்பது கரிக்கோடு ஒரு பக்கம். இரண்டுக்கும் பொதுவாய் விழுந்த கோடுகளை மட்டும் எடுத்தாள். பதினெட்டு இடம். பதினெட்டையும் பக்க எண்ணோடு, ஒரு வரிக்குக் கீழ் இன்னொரு வரியாக அப்படியே எடுத்து எழுதினாள். சொந்தமாக ஒரு வசவுகூடச் சேர்க்கவில்லை. எப்படித்தான் அடக்கினாளோ. முடிவுரை மட்டும் அவளுடையது.

'முதலாமவர் மலையைப் பார்த்தார், மனிதரைக் கேட்கவில்லை. இரண்டாமவர் மலையையும் பார்க்கவில்லை, முதலாமவரின் புத்தகத்தைப் பார்த்தார். ஒருவர் அவளை ஏசுகிறார், ஒருவர் புகழ்கிறார், இது வேற்றுமை. இருவரும் அவள் வாயைத் திறக்க விடவில்லை, இது ஒற்றுமை. இன்னும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு கதையிலும் அவளுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இருந்தால் அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். திரும்பிப் பார்க்கிறவளை வைத்து இருவருக்கும் கதை எழுதத் தெரியவில்லை.'

அதை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். பிறகு கைநாட்டுப் பக்கத்தைக் கடைசியில் வைத்து நூலால் தைத்தாள்.

பத்தாம் நாள் வெங்கடாசலத்தின் மேஜைமேல் அதை வைத்தாள். நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவர் முதல் பக்கத்தை அலுப்போடு தள்ளினார். மூன்றாவது பக்கத்தில் மெதுவானார். ஐந்தாவதில் எழுந்து அலமாரிக்குப் போய்ப் பச்சையையும் சிவப்பையும் எடுத்து வந்தார். நாய் குரைக்கிற இடத்தில் இரண்டு புத்தகத்திலும் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எட்டு வருஷமா இந்த ஜோடிய நடத்தறேன்," என்றார். யாரிடம் சொன்னாரோ. "கைடு எழுதினதே நான்தான்."

"எனக்குத் தெரியாதுங்க."

"இது திருட்டுங்கறீங்களா?"

"நான் எதுஞ் சொல்லலீங்க. நீங்க சொன்ன மாதிரியே நூலப் பக்கத்துல நூல வெச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவப்புப் புத்தகத்தின் முன்பக்கத்தில் அதை எழுதியவர் கையெழுத்துப் போட்டு, 'அன்புத் தம்பி வெங்கடாசலத்துக்கு' என்று எழுதியிருந்தது அத்தாயி நின்ற இடத்துக்கே தெரிந்தது. அவர் அதை மெல்ல மூடினார்.

"கடைசிப் பக்கத்த எடுத்திடுங்கம்மா. மத்தது இருக்கட்டும். நல்ல மார்க் போடறேன்."

"எடுக்க மாட்டேனுங்க."

"ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கறீங்க? அந்தப் பக்கம் இருந்தா மேல இருந்து என்னைத்தான் கேப்பாங்க!"

"கேட்டா மலைக்கு வரச் சொல்லுங்க. ஏழு பேரும் இருக்காங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்க, ஒருத்தருக்குக் கண்ணு மங்கிருச்சு."

வெங்கடாசலம் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, பக்கத்தைக் கிழிக்காமலும் பாராட்டாமலும், மேலே ஒரு எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டார். பதினொன்று.

அத்தாயி அதையே பார்த்தாள். பத்து எடுத்தால் பாஸ். பட்டம் வந்துவிட்டது. பட்டம் கேட்கிற விடுதிக் காப்பாளர் வேலைக்கு இனி மனுப் போடலாம். ஆனால் வெளியே வந்தபோது கைடைப் பார்த்து எழுதிய பெண்கள் இருபது, இருபத்தொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, பஸ் உடனே வந்தது. இல்லாவிட்டால் திரும்பி உள்ளே போயிருப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கட்டுரை முழுவதையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கோகிலாவுக்குப் போனில் அனுப்பினாள். ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. மகள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை. மறுநாள் இல்லை. அதற்கும் மறுநாள் இல்லை. சின்னுசாமி, "படிக்க நேரமாவும்ல, நானா இருந்தா ஒரு மாசம் ஆவும்," என்றான். அவனைத் திட்டக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

நாலாம் நாள் மதியம், அண்டா கழுவுகிற நேரத்துக்குப் போன் அடித்தது. கையெல்லாம் சோப்பு. முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"மூணாவது கைநாட்டு," என்றாள் கோகிலா. வேறு எதுவும் கேட்கவில்லை. "பொன்னம்மாள், கிழக்குப் பக்கம்னு போட்டிருக்கு."

"உங்கப்பத்தாதான்."

"அப்பத்தா எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீ கேட்டயா? புத்தகத்தக் கேட்ட. கூடப் படிக்கறவ சிரிச்சதக் கேட்ட. உங்கூடவே கஞ்சி குடிச்சவளக் கேட்டயா?" கோபம் தன்னால் வந்தது. பதினாறு வருஷக் கோபம், யார் மேல் என்று இல்லாமல் வந்தது. வந்த பிறகு பயந்தாள். வைத்துவிடுவாளோ?

வைக்கவில்லை. "தண்ணி மோந்து குடுத்தியாமே, நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

அத்தாயி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் செம்பு உங்கையிலதான் இருந்துச்சு கண்ணு. வெச்சு வெளையாடிட்டு இருந்த. தர மாட்டேன்னு இறுக்கிப் புடிச்ச. புடுங்கித்தான் மோந்தேன். நீ அழுத. அதுக்கப்புறம் திரும்பிப் பாத்தேன். ஊரே பாத்துட்டு இருந்துச்சு, அதனால நிக்கல. போயிட்டேன்."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இத ஏன் கட்டுரையில எழுதல?"

"நூலை நூலோட மட்டும் ஒப்பிடச் சொன்னாரு."

"எவ்வளவு போட்டாரு?"

"பதினொண்ணு."

"இருபத்தஞ்சுக்கா?"

"ம்."

"பதினொண்ணா?" கோகிலாவின் குரல் சட்டென்று மேலே ஏறியது. "பதினெட்டு எடம் கண்டுபிடிச்சுக் குடுத்துருக்க, பதினொண்ணா போட்டான் அந்த ஆளு? அவன் படிச்சானா இல்லையா? அவன் பேரென்ன? போன் நம்பர் இருக்குதா? நீ சும்மாவா வந்த அங்கிருந்து? நீ எதும் கேக்கலையா? வாய வெச்சுட்டு என்னதான் பண்ணிட்டு இருந்த?"

 அத்தாயி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அடுப்படித் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மகள் கத்தி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.